கண் பார்ப்பதும் கோப்பு வைத்திருப்பதும்

'டோல்கேட்' என்ற சொல்லைக் கணினியில் தட்டிப் பாருங்கள். கண்ணுக்கு நான்கே எழுத்து: டோ, ல், கே, ட். கோப்புக்குள் இருப்பவை எட்டுக் குறிகள்: ட, ஓகாரக் குறி, ல, புள்ளி, க, ஏகாரக் குறி, ட, மறுபடியும் புள்ளி. யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கிய இந்தக் குறிகள் ஒவ்வொன்றும் இணையத்தில் வழங்கும் யுடிஎஃப்-8 முறையில் 3 பைட் இடம் எடுக்கும். ஆக மொத்தம் 24 பைட். சொல்லின் கடைசியில் நின்று பேக்ஸ்பேஸை ஒரு தட்டு தட்டினால் பெரும்பாலான மென்பொருள்களில் 'ட்' முழுதாகப் போகாது. புள்ளி மட்டும் உதிர்ந்து 'ட' நிற்கும். கோப்பின் உள்பக்கம் அந்த ஒரு கணம் வெளியே தெரிகிறது.

கண்ணால் பார்த்துப் பார்த்தே வலைப்பக்கம் கட்ட உதவும் மென்பொருள்கள், அதாவது வேர்ட்பிரஸ், எலிமென்டர், விக்ஸ் வகையறா, இந்த உள்பக்கத்தை மறைப்பதற்கென்றே வந்தவை. மறைப்பது நல்லதுதான். பட்டறை நடத்துகிறவர் வலைப்பக்கங்களை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல். படித்துவிட்டுத்தான் பக்கம் போட வேண்டும் என்றால் ஒருவரும் போட மாட்டார்கள். ஆனால் இவற்றில் கட்டிய பக்கங்கள் சொதப்புவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: திரையில் தெரிவதுதான் கோப்பிலும் இருக்கிறது என்ற நம்பிக்கை.

திருவொற்றியூர் டோல்கேட்டில் டிரெய்லர் லாரிகளுக்கு பிரேக், ஏர் லைன் வேலை பார்க்கும் பட்டறை ஒன்றுக்குப் பக்கம் கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்டபோது டோல்கேட்டுக்கும் ஒரு நிலையம் கிடைத்தது. ஆனால் நம் பட்டறையின் வாடிக்கையாளர் மெட்ரோவில் வருபவர் அல்ல. எண்ணூர் விரைவுச் சாலையில், துறைமுக கேட் திறக்கக் காத்து, கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு வரிசையில் நிற்கும் ஓட்டுநர். கையில் விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன், கண்ணாடி வழியாகக் கடற்கரை வெயில், விட்டு விட்டு வரும் சிக்னல். பக்கம் கட்டுகிறவரோ மின்விசிறிக்குக் கீழே பெரிய திரை முன்னால் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேரும் பார்ப்பது ஒரே பக்கத்தையா?

பார்த்தபடியே கிடைக்கும் என்ற வாக்குறுதி முதலில் காகிதத்துக்காகக் கொடுக்கப்பட்டது. 1974-இல் அமெரிக்காவின் செராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் பட்லர் லாம்ப்சனும் சார்லஸ் சிமோனியும் சகாக்களும் உருவாக்கிய பிராவோ என்ற எழுதுமென்பொருள்தான் இந்த வகைக்கு முன்னோடி. அது ஓடிய ஆல்டோ கணினியின் திரை 606 புள்ளி அகலம், 808 புள்ளி உயரம். கிட்டத்தட்ட ஒரு தாளை நிமிர்த்தி வைத்த வடிவம். காகிதத்தின் அளவு மாறாது. அச்சுப்பொறி இன்னதென்று தெரியும். அதனால் திரையில் வரைந்ததைத் தாளில் கொடுக்க முடிந்தது.

வலைப்பக்கத்துக்கு அளவே கிடையாது. 1990-இல் டிம் பெர்னர்ஸ்-லீ எழுதிய முதல் உலாவியிலேயே பக்கத்தைப் பார்க்கவும் செய்யலாம், திருத்தவும் செய்யலாம். ஆனால் எச்.டி.எம்.எல். சொல்வது இது தலைப்பு, இது பத்தி, இது இணைப்பு என்பதை மட்டும்தான். எந்த அகலத்தில், எந்த எழுத்துருவில் காட்டுவது என்பதைப் பெரும்பாலும் பார்ப்பவரின் கருவி முடிவு செய்யும். பிறகு வந்த ஃப்ரன்ட்பேஜ் (மைக்ரோசாஃப்ட் அதை 1996 ஜனவரியில் விலைக்கு வாங்கியது), 1997-இல் வந்த டிரீம்வீவர் போன்ற பக்கம் கட்டும் மென்பொருள்கள் இந்த நெகிழ்வான பொருளின் மேல் பழைய காகித வாக்குறுதியை ஒட்டவைத்தன. ஒட்டு இன்றுவரை சரியாகப் பிடிக்கவில்லை என்பது என் எண்ணம்.

தமிழர்களுக்கு இந்த இடைவெளி மற்றவர்களைவிட முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். 1995-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை வலையில் ஏற்றியபோதும் சரி, 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் தமிழ் நூல்களை வலையில் ஏற்றும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கியபோதும் சரி, தமிழ் எழுத்துருக்கள் ஆளுக்கொரு வழியில் இருந்தன. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தெரியும் சொல், கோப்பில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும்தான். எழுத்துருவை மாட்டினால் தமிழ். கழற்றினால் புரியாத கிறுக்கல். ஃப்ரன்ட்பேஜில் அழகாகத் தெரிந்த பக்கம் அந்த எழுத்துரு இல்லாத வீட்டுக் கணினியில் குப்பையாகத் தெரியும். தேடுபொறிக்கு அது எப்போதுமே குப்பைதான்.

யூனிகோடு வந்து அந்தக் காலம் போய்விட்டது என்று சொல்லிவிட முடியாது. நம் பட்டறையின் விசிட்டிங் கார்டையும் நோட்டீசையும் அச்சடித்துக் கொடுத்த டி.டி.பி. கடையில் கோப்பைக் கேட்டு வாங்கினால் இன்றும் அது பழைய எழுத்துருவில் இருக்க வாய்ப்பு அதிகம். வெட்டி ஒட்டினால் பக்கத்தில் ஆங்கில எழுத்துக் குவியல் விழும். அப்போது செய்யக் கூடாதது, எடிட்டரில் அந்தப் பழைய எழுத்துருவைத் தேடி ஏற்றிச் சரிசெய்வது. என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற எழுத்துமாற்றி ஒன்றில் யூனிகோடாக மாற்றிவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும். மாற்றிய பிறகும் ஒருமுறை கண்ணை ஓட்டுங்கள். ஔகாரம் வரும் இடங்களில் ஒற்றைக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பும் 'ள' என்ற தனி எழுத்தும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒன்று, தேடினால் கிடைக்காது. ஓகாரத்துக்கும் இப்படி இரட்டை வழி உண்டு. 'டோ'வில் உள்ள ஓகாரக் குறியை ஏகாரக் கொம்பு, கால் என்று இரண்டாகப் பிரித்துச் சேமித்தால் டோல்கேட்டுக்கு எட்டுக் குறி போய் ஒன்பதாகும்; 24 பைட் 27 ஆகும். இந்த இரண்டையும் சமமென்று யூனிகோடு விதியே சொல்கிறது, நல்ல தேடுபொறிகள் சேர்த்துப் பார்த்துவிடும். பட்டறைப் பக்கத்துக்குள் இருக்கும் எளிய தேடல் பெட்டி பார்க்கும் என்று எண்ண வேண்டாம்.

அடுத்தது தலைப்பு. எடிட்டரில் ஒரு வரியைப் பெரிதாக்கிக் கறுப்பாக்கினால் தலைப்பு போலத் தெரியும். அதே வரியைத் தேர்ந்தெடுத்து, மேலே உள்ள பட்டியலில் 'தலைப்பு 2' என்று கொடுத்தாலும் அப்படியேதான் தெரியும். கோப்பில் இரண்டும் வேறு. முதலாவது பெரிய எழுத்தில் உள்ள ஒரு பத்தி; இரண்டாவதுதான் தலைப்பு. துறைமுகத்துப் பழக்கம் உள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: கன்டெய்னரின் மேல் என்ன நிறம் அடித்திருக்கிறது என்று கஸ்டம்ஸ் கேட்பதில்லை, உள்ளே இருப்பது இன்னதென்று சொல்லும் காகிதத்தைத்தான் கேட்கும். தேடுபொறி அப்படித்தான் படிக்கிறது. பார்வையற்றவர்களின் திரைவாசிப்பானும் அப்படித்தான். ஆஸ்திரேலியாவின் மைக்கேல் கரன், தாமும் பார்வையற்றவர், 2006-இல் தொடங்கிய என்விடிஏ என்ற இலவச வாசிப்பானில் எச் விசையைத் தட்டத் தட்ட தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவலாம். வெறுமனே கறுப்பாக்கிய வரிகளை அது கண்டுகொள்ளாது. 'பிரேக் வேலை', 'ஏர் லைன்', 'கட்டணம்' என்று ஆறு பகுதி இருக்கும் பக்கம் அதற்கு ஒரே நீளப் பேச்சு.

இதோடு சேர்த்துச் செய்ய வேண்டிய சின்ன வேலை, தளத்தின் மொழியைத் தமிழ் என்று குறிப்பது. வேர்ட்பிரஸில் பொது அமைப்புகளுக்குள் இருக்கிறது. குறிக்காவிட்டால் பல கருவிகள் ஆங்கிலக் குரலில் தமிழைப் படிக்கப் பார்க்கும்.

வேர்டில் தட்டிய விலைப்பட்டியலை அப்படியே இழுத்து ஒட்டுவது எல்லோரும் செய்வது. சொற்களோடு கூடவே வேர்டின் எழுத்துரு, அளவு, ஓரம், நிறம் பற்றிய கட்டளைகளும் ஏறி வருகின்றன. சில நேரம் சொற்களைவிடக் கட்டளைகள் அதிகம். இந்தத் தொல்லை இன்று நேற்றையது அல்ல. வேர்ட் குப்பையைக் கூட்டித் தள்ளுவதற்கென்றே டிரீம்வீவரில் தனிக் கட்டளை இருந்தது. ஒட்டும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பெரும்பாலான உலாவிகளில் வெறும் எழுத்து மட்டும் வரும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் பக்கத்தை இடித்துவிட்டுத் திரும்பக் கட்டத் தேவையில்லை. வடிவமைப்பை நீக்கும் பொத்தான் பல எடிட்டர்களில் எங்காவது ஒரு மூலையில் இருக்கும். எழுத்து ஏனோ ஓரிடத்தில் மட்டும் சிறுத்தோ வேறு உருவிலோ அடம்பிடித்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த ஒட்டுக் குப்பையைத்தான்.

இடைவெளி விட்டு வரிசைப்படுத்தும் பழக்கம் தட்டச்சுப் பொறியிலிருந்து வந்தது. எச்.டி.எம்.எல்.லில் எத்தனை ஸ்பேஸ் போட்டாலும் உலாவி ஒன்றாகச் சுருக்கிவிடும். அதை ஏமாற்ற, எடிட்டர்கள் உடையாத இடைவெளி என்ற வேறொரு குறியை நமக்குத் தெரியாமல் செருகுகின்றன. பெரிய திரையில் தொலைபேசி எண் சரியாக நடுவில் நிற்கும். ஒடுங்கிய போன் திரையில் அதே வரி உடைந்து, எண் பாதியிலிருந்து அடுத்த வரிக்குப் போகும். நடுவில் நிற்க வேண்டுமானால் நடுவில் நிறுத்தும் பொத்தான். கீழே இடம் வேண்டுமானால் ஓர அளவு. ஸ்பேஸையும் என்டரையும் எழுதுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

போன் அகலத்தில் தமிழுக்கென்றே உள்ள சிக்கல் ஒன்று, ஆங்கிலத்தில் எழுதிய வழிகாட்டிகளில் கிடைக்காது. நம் சொற்கள் நீளம், எழுத்துகள் அகலம். 'திருவொற்றியூரிலிருந்து' என்பதைப் பெரிய தலைப்பு எழுத்தில் போட்டால் அந்த ஒரு சொல்லே போன் திரையை எளிதில் தாண்டி, பக்கம் முழுவதும் பக்கவாட்டில் ஆட ஆரம்பிக்கும். எடிட்டரில் போனுக்கு மட்டும் தனித் தலைப்பளவு வைக்க இடம் இருக்கும். அதைக் குறையுங்கள், அல்லது 'திருவொற்றியூர் டோல்கேட்' என்று சொல்லைப் பிரித்து அமையுங்கள். இரு ஓரமும் நேராக்கும் அமைப்பை நாளிதழ் மாதிரி இருக்கிறதே என்று ஆசைப்பட்டுப் போடாதீர்கள். வரிக்கு மூன்று சொல் மட்டும் பிடிக்கும் அகலத்தில் அது சொற்களுக்கு நடுவே பள்ளம் பள்ளமாக விடும். வரி உயரமும் ஆங்கிலத்துக்கு வைத்தது போதாது. மேலே இகரக் கொக்கி, கீழே உகர ஊகாரச் சுழி என்று இரண்டு பக்கமும் நமக்கு இடம் வேண்டும். எழுத்தளவைப்போல் 1.6 மடங்குக்குக் கீழே நான் இறங்க மாட்டேன்.

எழுத்துருவும் கருவிக்குக் கருவி மாறும். விண்டோஸ் கணினியில் நிர்மலா, ஆண்ட்ராய்டில் நோட்டோ, ஐபோனில் மலேசியாவின் முத்து நெடுமாறன் வடித்த எழுத்துரு. ஒரே வரி மூன்றிலும் மூன்று அகலம். எங்கும் ஒரே மாதிரி வேண்டுமானால் வலை எழுத்துரு ஒன்றைப் பக்கத்தோடு அனுப்பலாம். இலவசமாகக் கிடைப்பவற்றில் முக்தா மலர், ஹிந்த் மதுரை, பிரியா ரவிச்சந்திரன் வடித்த கட்டமரன் எல்லாம் நன்றாக இருக்கும். கட்டமரனில் ஒல்லியிலிருந்து தடிமன் வரை ஒன்பது வகை. ஒன்பதையும் பக்கத்தில் பயன்படுத்தினால் ஒன்பது கோப்பும் ஓட்டுநரின் டேட்டாவில் இறங்கக்கூடும். இரண்டு போதும்.

டேட்டாவைத் தின்பதில் எழுத்துருவைவிடப் படம்தான் முதலிடம். போனில் எடுத்த படம் சாதாரணமாக 4000-க்கு 3000 புள்ளி, அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளி. எடிட்டரில் மூலையைப் பிடித்து இழுத்துச் சின்னதாக்கினால் கண்ணுக்குச் சின்னதாகும். கோப்பு அதே எடையில் இருக்கக்கூடும். போன் திரையின் அகலம் பெரும்பாலும் 1080 புள்ளிக்குப் பக்கம்தான் என்பதால் 1200-க்கு 900 என்று சுருக்கி ஏற்றினால் போதும்: 10 லட்சத்து 80 ஆயிரம் புள்ளி, பதினோரு மடங்கு குறைவு. வேர்ட்பிரஸ் தானாகவே சிறிய பிரதிகள் எடுத்து வைக்கிறது. 2021-இல் வந்த 5.8 பதிப்பு முதல் எடை குறைந்த வெப்பி படங்களையும் ஏற்கிறது. எல்லா எடிட்டரும் அப்படிச் செய்யும் என்று நம்பாமல் ஏற்றும் முன் சுருக்கிவிடுவது பாதுகாப்பு.

ஃப்ளெக்ஸ் பேனருக்குச் செய்த வடிவத்தையே படமாகப் பக்கத்தில் போட்டுவிடுவது நம் ஊர்ப் பக்கங்களில் அதிகம். பெயர், முகவரி, போன் எண் எல்லாம் அந்தப் படத்துக்குள். படத்தில் உள்ள எண்ணைத் தொட்டால் அழைப்பு போகாது. எண்ணை எழுத்தாகத் தட்டி, அதற்குத் தொலைபேசி இணைப்பு கொடுத்தால், ஒரு தொடுதலில் போன் மணி அடிக்கும். வரிசையில் நிற்கும் ஓட்டுநருக்குப் பக்கத்தில் வேறு எதுவும் வேண்டாம், அது ஒன்று இருந்தால் போதும். முகவரியும் எழுத்தாகவே இருக்க வேண்டும், அதுவும் வெறும் 'டோல்கேட்' என்று அல்ல. திருச்சியில் நம்பர் ஒன் டோல்கேட் இருக்கிறது. தேடுகிறவரை 300 கிலோமீட்டருக்கும் அப்பால் அனுப்பி வைப்பானேன்? திருவொற்றியூர், சென்னை என்ற இரண்டு சொற்களும் பக்கத்தலைப்பிலேயே இருக்கட்டும்.

நிறத்துக்கு வருவோம். எழுத்தும் பின்னணியும் எவ்வளவு பிரிந்து தெரிகின்றன என்பதற்கு இணைய அணுகல் நெறிமுறையில் ஒரு கணக்கு உண்டு. இரண்டில் பிரகாசமானதன் ஒளிர்வோடு 0.05 கூட்டி, மங்கலானதன் ஒளிர்வோடும் 0.05 கூட்டி, முதலாவதை இரண்டாவதால் வகுக்க வேண்டும். வெள்ளையில் கறுப்புக்கு 21. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5 இருக்க வேண்டும். வெள்ளையில் முழுச் சிவப்புக்கு 4-தான் வரும், தேறவில்லை. பேனர்க்காரர்களுக்குப் பிடித்த சிவப்பில் மஞ்சள் 3.7. வெள்ளையில் மஞ்சளை யாராவது போட்டால் 1.07; எழுதாமலே இருந்திருக்கலாம்.

அந்த 0.05 எதற்கு? திரையின் மேல் விழுந்து தெறிக்கும் சுற்றுவெளிச்சத்துக்கு. அது ஓர் அறைக்குள் இருக்கும் கணக்கு. வெயிலில் தெறிக்கும் ஒளி, திரை வெள்ளையின் பாதி அளவுக்கு இருப்பதாக வைத்துக்கொண்டால் 0.05 இருந்த இடத்தில் 0.5 வரும். அப்போது வெள்ளையில் கறுப்பே 21-லிருந்து 3-க்கு இறங்கும், சிவப்பு 2.1-க்கு. எண்ணூர் விரைவுச் சாலையில் கிழக்கே கடலைப் பார்த்து நிற்கும் லாரியில், காலை வெயிலில், நேர்த்தியான சாம்பல் நிற மெல்லிய எழுத்து என்ன கதியாகும் என்று இதிலிருந்து ஊகிக்கலாம். எடிட்டர்களோடு வரும் ஆயத்த வடிவங்களில் இந்தச் சாம்பல் மோகம் நிறைய. தயங்காமல் கறுப்பாக்கிவிடுங்கள்.

எடிட்டரில் போன் படம் போட்ட பொத்தான் ஒன்று இருக்கும். அழுத்தினால் பக்கம் ஒடுங்கிக் காட்டும். ஒடுங்குவது அகலம் மட்டும்தான். கணினியின் வேகம், கணினியின் எழுத்துரு, கடை வைஃபை எல்லாம் அப்படியே இருக்கும். பக்கத்தை வெளியிட்டதும், வீட்டிலேயே பழைய போன் யாரிடம் இருக்கிறதோ அவரிடம் வாங்கி, வைஃபையை அணைத்துவிட்டு, வெளியே போய்த் திறந்து பார்ப்பதற்கு ஈடான சோதனை எந்த மென்பொருளிலும் இல்லை. அமைப்புகளில் எழுத்தளவைப் பெரிதாக்கியும் ஒருமுறை பார்க்க வேண்டும். நாற்பதைத் தாண்டிய ஓட்டுநர்கள் பலர் அப்படித்தான் வைத்திருப்பார்கள்.

கடைசியாக, கட்டிய பக்கத்தைப் பெயர்த்து எடுத்துப் போக முடியுமா என்பது. ஃப்ரன்ட்பேஜில் செய்த படிவங்களும் வருகை எண்ணிகளும் சர்வரில் அதற்கான துணைநிரல் இருந்தவரைதான் ஓடின. 2009 அக்டோபரில், இலவசமாக வலைப்பக்கம் வைக்க இடம் கொடுத்த ஜியோசிட்டீஸை யாகூ மூடியபோது லட்சக்கணக்கான பக்கங்கள் போயின. இன்றைக்கும் நிலைமை பெரிதாக மாறவில்லை. விக்ஸில் கட்டிய தளத்தை அப்படியே வேறு சர்வருக்குத் தூக்கிப் போக வழியில்லை. வேர்ட்பிரஸில் சில பழைய பக்கக்கட்டுநர்களை நிறுத்தினால், அவை விட்டுச் சென்ற சதுர அடைப்புக்குறிக் கட்டளைகள் எழுத்துக்கு நடுவே முளைத்து நிற்கும். 2018 டிசம்பரில் 5.0 பதிப்போடு வந்த வேர்ட்பிரஸின் சொந்தத் தொகுதி எடிட்டர் இந்த வகையில் கொஞ்சம் தேவலை. உள்ளே சுத்தமான எச்.டி.எம்.எல். கிடக்கும். சிறிய தொழிலுக்கு நான் அதையே சொல்வேன், அழகில் ஒரு படி குறைந்தாலும்.

எதில் கட்டினாலும், பக்கத்தில் உள்ள எழுத்தையெல்லாம் யூனிகோடில் ஒரு வெறும் உரைக்கோப்பாகவும், படங்களை ஒரு தனி ஃபோல்டராகவும் பட்டறைக் கணினியில் வைத்திருந்தால் நாளைக்கு வேறு எடிட்டருக்கு மாறுவது அரைநாள் வேலை. டொமைன் பெயரைப் பதியும்போது கொடுக்கும் மின்னஞ்சலும் போன் எண்ணும் பக்கம் கட்டிக்கொடுத்த தம்பியுடையதாக இல்லாமல் பட்டறை முதலாளியுடையதாகவே இருக்கட்டும். புதுப்பிக்கச் சொல்லி வரும் கடிதம் அந்த முகவரிக்குத்தான் வரும்.